வரதராஜா மாஸ்டர் பூட்டிய கதவு

மெல்பேர்ணின் தென்கிழக்கே, ஸ்பிரிங்வேல் ரயில் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருந்த வரதராஜா மாஸ்டருக்கு அமெரிக்கா என்றால் உயிர். அந்த நாட்டை அவர் கண்ணால் கண்டதில்லை. போய்ப் பார்க்கவேண்டும் என்ற ஆசையும் கிடையாது. நாலு வருடத்துக்கு ஒருமுறை அங்கே ஜனாதிபதித் தேர்தல் வருகிறதல்லவா, அதற்கு முன்னால் ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளர் யார் என்று மாநிலம் மாநிலமாக வாக்கெடுத்துத் தீர்மானிக்கும். அந்த முதற்சுற்றுத்தான் மனுசனுக்கு வேண்டும். அது நடக்கிற மாதங்களில் அவருக்குச் சோறு தண்ணி தேவையில்லை.

யாழ்ப்பாணத்தில் குடியியல் படிப்பித்தவர். எழுபத்து நாலில் மனைவி யோகாவுடன் வந்திறங்கி, இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சமூகக்கல்வி ஆசிரியராகச் சேர்ந்தார். அடுத்த வருடமே இந்த நாட்டின் பிரதமரை மகாதேசாதிபதி ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். நாடே கொதித்தது. வேலையைப் போட்டுவிட்டுச் சனம் வீதிக்கு இறங்கியது. எங்கள் மாஸ்டரோ அதைப்பற்றி இரண்டே நாள் கதைத்துவிட்டுப் பழையபடி அமெரிக்காவுக்குப் போய்விட்டார். அப்படியும் ஒரு பிறவி!

யோகா ஆஸ்பத்திரியில் தாதி. அதிகம் கதைக்கமாட்டாள், கதைத்தால் அதில் ஒரு சொல்லையும் தள்ள முடியாது. வந்த முதல் குளிர்காலத்தில், யாரையோ அழைத்துவர விமான நிலையம் போன இடத்தில், ஊரிலிருந்து வந்திறங்கிய ஒரு பெண்ணைக் கண்டாள். வொயில் சேலை, றப்பர்ச் செருப்பு, பல் கிடுகிடுக்கிறது. யோகா தான் போட்டிருந்த கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டுவிட்டு, தான் நடுங்கிக்கொண்டு வீடு வந்தாள். அந்தப் பெண்தான் சந்திரவதனா. அன்றைக்குப் பிடித்தது யோகாவுக்கு அந்தப் பைத்தியம். சனிக்கிழமை தோறும் பழைய உடுப்புக் கடைகளுக்குப் போவாள். நல்ல கம்பளிக் கோட்டாகப் பார்த்து வாங்கி, தோய்த்து, பொத்தான் தைத்து வைப்பாள். புதிதாக எந்தத் தமிழ்க் குடும்பம் வந்தாலும், இலங்கையோ இந்தியாவோ, அந்த வீட்டுப் பெண்ணுக்கு மெல்பேர்ணின் முதல் கோட்டு யோகாவின் கையால்தான். கடையிலிருந்து கட்டிக்கட்டிச் சுமந்துவருகிற வேலை மாஸ்டருடையது.

கோட்டுகள் எல்லாம் கராஜில் தொங்கின. மாஸ்டரின் சிற்றலை வானொலியும் அங்கேதான் இருந்தது. பூச்சி உருண்டை மணக்க மணக்க, நாலா பக்கமும் கோட்டு தொங்க, நடுவில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு அவர் அமெரிக்காவைக் கேட்பார். யோகா வந்து ஏதாவது கோட்டை எடுத்தால் சும்மா விடமாட்டார். பிடித்து வைத்து விளக்கம் சொல்லுவார்.

“இஞ்சேரும், ஒரு கட்சி தன்ரை மாப்பிள்ளையைத் தெரிவு செய்யிறதெண்டு வையும். சில மாநிலத்திலை வீட்டுக்காரர் மட்டும்தான் தெரிவு செய்யலாம். கட்சியிலை பேர் பதிஞ்சிருக்க வேணும். அது பூட்டின கதவு. சில மாநிலத்திலை றோட்டாலை போறவனும் உள்ள வந்து, எனக்கு இந்த மாப்பிள்ளையைத்தான் பிடிச்சிருக்கு எண்டு சொல்லலாம். அது திறந்த கதவு.”

“றோட்டாலை போறவனுக்கு அதிலை என்ன வந்தது?”

“அதுதானப்பா கேள்வி! சிலபேர் உண்மையாவே பிடிச்சு வருவினம். சிலபேர் எதிர்ப்பக்கத்து ஆக்கள். நல்ல மாப்பிள்ளை வந்திடக் கூடாதெண்டு, உதவாததைத் தூக்கிவிட வருவினம்.”

“வந்தவன் எந்த வகை எண்டு எப்பிடித் தெரியும்?”

“தெரியாது. அதுதான் சிக்கல்.”

“கேட்டுப் பாக்கலாமே” என்று சொல்லிவிட்டு யோகா பச்சைக் கோட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்தக் காலத்தில் அங்கே ஒரு தமிழர் மன்றம் இருந்தது. இலங்கைக்காரரும் இந்தியாக்காரரும் சேர்ந்து நடத்தினார்கள். தலைவர் பதவிக்கு ஒரு முறை வைத்திருந்தார்கள்: ஒரு வருடம் இலங்கைப் பக்கத்து ஆள், அடுத்த வருடம் இந்தியப் பக்கத்து ஆள். இலங்கைப் பக்கத்து முறை வந்தால், ஜூன் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலய மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, சமைத்துச் சாப்பிட்டு, தங்கள் ஆள் இன்னார் என்று தெரிந்தெடுப்பார்கள். பிறகு வருகிற ஆண்டுப் பொதுக்கூட்டம் வெறும் கைதட்டல். ஆக, இங்கே வென்றால் அங்கேயும் வென்ற மாதிரித்தான்.

யார் யார் வாக்குப் போடலாம் என்று விதி எதுவும் இல்லை. சாப்பிட்டுக் கை கழுவினவர்கள் எல்லாம் கையை உயர்த்துவார்கள். பெண்கள் உயர்த்துவார்கள், தேங்காய்ப்பால் சொதிக்கு ஆசைப்பட்டு வந்த இந்தியாக்காரர் உயர்த்துவார்கள். ஒருமுறை பக்கத்து வீட்டுக் கிரேக்கக்காரர் ஒருவரும் உயர்த்தினார். அவரையும் எண்ணினார்கள். ஒரு குடியும் முழுகவில்லை.

எழுபத்தாறில் இலங்கைப் பக்கத்து முறை. ஜெயரட்ணம் நிற்பதாக ஏற்கெனவே சொல்லிவிட்டார். அவர் பொறியியலாளர், முன்னம் ஒரு தடவை தலைவராக இருந்தவர். கழுத்துப்பட்டியும் நடனமுமாக ஓர் ஆண்டு விருந்து வைப்பதுதான் மன்றத்தின் பிறவிப் பயன் என்று நம்புகிறவர். கெட்டவரில்லை, நோயென்று கேட்டால் தன் காரில் ஏற்றிப்போவார். ஆனால் இரண்டு பேர் கூடின இடத்தில் மூன்றாவதாக நின்று பேச்சு நிகழ்த்தாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

ஒருநாள் யோகா கராஜுக்குள் வந்து வானொலியின் சத்தத்தைக் குறைத்தாள்.

“நான் நிக்கப் போறன்.”

“எங்கை?”

“தலைவருக்கு.”

மாஸ்டர் வாயைப் பிளந்தார். பெண் ஒருத்தி தலைவருக்கு நிற்பது மன்றத்தில் அதுவரை நடக்காத காரியம். யோகா அமைதியாகச் சொன்னாள்: “இந்தக் கோட்டுகளுக்கு ஒரு அறை வேணும். மன்றம் நினைச்சால் ஒரு அறை எடுக்கலாம். புதுசா வாற பொம்பிளையள் கிழமையிலை ஒருநாள் வந்து இருக்க, கதைக்க, ரெயின் ஏறிப் போகப் பழக ஒரு இடம். ரெண்டு வருசமாக் கேக்கிறன். விருந்தைப் பற்றித்தான் கதைக்கினம். கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சுது. இனி நானே செய்யிறன்.”

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து நின்று, கோட்டுகளின் நடுவே அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார், ஏதோ ஏற்கெனவே வென்றுவிட்டவளைப் போல. அவள் வெல்லவேண்டும் என்று அவர் மனதார ஆசைப்பட்டார். இதில் ஒரு மாற்றுக் குறைவு இல்லை. பின்னால் நடந்ததைக் கேட்டு அவரை ஏசப் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

ஒரு சங்கடம் இருந்தது. தேர்தல் அதிகாரி மாஸ்டர்தான். மனைவி நிற்பதால் விலகுகிறேன் என்று செயற்குழுவில் சொன்னார். ஜெயரட்ணமே எழுந்து, “மாஸ்டரைவிட நேர்மையான ஆள் ஆர் இருக்கினம்? பெண்சாதி எண்டும் பாக்கமாட்டார். அவரே இருக்கட்டும்” என்றார். மாஸ்டருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. புகழ்ச்சி என்பது சும்மாவா! அதிகாரியான தான் யாருக்கும் வாக்களிக்கப் போவதில்லை என்று அந்த இடத்திலேயே வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

மே மாதம் பிறந்ததும் டெக்சாஸ் செய்தி வந்தது. அது திறந்த கதவு மாநிலம். எதிர்க்கட்சிக்காரர் பெருவாரியாக உள்ளே வந்து வாக்களித்தார்கள் என்றும், பதவியில் இருக்கிற ஜனாதிபதியே தன் கட்சியின் முதற்சுற்றில் அங்கே மண் கவ்வினார் என்றும் வானொலி சொன்னது. மாஸ்டர் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். வெளியாள் வந்து வீட்டுக்காரரின் பிள்ளையைத் தோற்கடித்துவிட்டான்! அன்று முழுக்க அவருக்கு நிலைகொள்ளவில்லை.

அந்தக் கிழமையே ஸ்பிரிங்வேல் ரயில் நிலையத்தில் சேஷாத்ரியைக் கண்டார். சேஷாத்ரி இந்தியப் பக்கத்தில் முக்கியமான ஆள், சென்னைக்காரர். நல்ல சிரித்த முகம்.

“மாஸ்டர், இந்தத் தடவை உங்க கூட்டத்துக்கு நாங்க மொத்தமா வர்றோம். ஒரு வீடு விடாம சொல்லி வெச்சிருக்கேன். ஒரு கை பாத்துடறோம்!” என்று தோளில் தட்டிவிட்டு ரயிலுக்கு ஓடினார்.

யாருக்காக வருகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மாஸ்டர் கேட்கவில்லை. தேர்தல் அதிகாரி அப்படிக் கேட்கக்கூடாதாம்! ஆனால் மனதுக்குள் கணக்குப் போட அதிகாரிக்குத் தடையில்லையே. போட்டார். இவர்கள் ஏன் திரண்டு வருகிறார்கள்? அடுத்த வருடம் அவர்களுடைய முறை. இந்த வருடம் விருந்துக்கார ஜெயரட்ணம் வந்து பெயரைக் கெடுத்தால், அடுத்து வருகிற அவர்களுடைய ஆளுக்குத்தானே நல்ல பெயர். டெக்சாஸேதான்! யோகாவைக் கவிழ்க்க வருகிறார்கள். என்னுடைய யோகாவை!

செயற்குழு ஒரு புதன்கிழமை மாலை கூடியது. மாஸ்டர் முக்கால் மணி நேரம் பேசினார். திறந்த கதவு, பூட்டின கதவு, மாநிலம் மாநிலமாக. கடைசியில் தீர்மானத்தை வைத்தார்: இலங்கைப் பக்கத்து வேட்பாளரை, அந்தப் பக்கத்தில் பதிந்த உறுப்பினர் மட்டுமே தெரிவுசெய்யலாம், அட்டை இல்லாதவர் மண்டபத்துக்குள் வரக்கூடாது, எதுவும் விடுபடக்கூடாதென்று இதையும் சேர்த்தார்: வேட்பாளரே உறுப்பினராக இல்லாவிட்டால் உள்ளே வந்து ஐந்து நிமிடம் பேசிவிட்டு வெளியே போகவேண்டும். பிறகு எவனும் வந்து மாற்றிவிடக் கூடாதென்று, உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதித்தால்தான் இந்த விதியைத் திருத்தலாம் என்று ஒரு பூட்டும் போட்டார். முதலில் கைதட்டியவர் ஜெயரட்ணம். அந்தக் கைதட்டலிலாவது நமது மாஸ்டருக்குப் பொறி தட்டியிருக்கவேண்டும். தட்டவில்லையே!

வீட்டுக்கு வந்தபோது யோகா இஸ்திரிப்பெட்டியால் உடுப்பு மினுக்கிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் சப்பாத்தைக் கழற்றாமலே எல்லாவற்றையும் சொன்னார். “உமக்காகத்தான். ஒரு வெளியாளும் உள்ள வரேலாது.”

யோகா கையை நிறுத்தினாள். “உறுப்பினர் மட்டும்தானோ?”

“ஓம். உறுப்பினர் மட்டும்.”

“வடிவா யோசிச்சுத்தான் செய்தனீங்களோ?”

“ரெண்டு கிழமையா இதுதானே யோசினை!”

அவள் மினுக்கின சேர்ட்டை மடித்து வைத்தாள். “அப்ப சரி” என்று சொல்லிவிட்டு அடுத்த சேர்ட்டை எடுத்தாள்.

மறுநாள் வானொலியில் மிச்சிகன் செய்தி. அதுவும் திறந்த கதவு மாநிலம்தான். அங்கேயும் வெளியார் உள்ளே வந்தார்கள். ஆனால் இந்தத் தடவை அதே ஜனாதிபதிக்கு ஆதரவாக வந்து அவரைக் கரையேற்றிவிட்டார்களாம். திறந்த கதவால் கவிழ்க்கிறவனும் வருவான், விரும்புகிறவனும் வருவான். மாஸ்டர் தலையைச் சொறிந்தார். ஒரு மாநிலத்தை வைத்து முடிவு சொல்லக்கூடாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். டெக்சாஸும் ஒரு மாநிலம்தான் என்பது ஏனோ அவருக்கு நினைவு வரவில்லை.

ஜூன் மாதத்து அந்த ஞாயிறு நல்ல குளிர். மண்டப வாசலில் நெஞ்சில் நாடா குத்திக்கொண்டு மாஸ்டர் நின்றார். ஆண்கள் அட்டையைக் காட்டிக் காட்டி உள்ளே போனார்கள். பிறகு சந்திரவதனா வந்தாள்.

“அட்டை, தங்கச்சி?”

“அது அவரின்ரை பேரிலையெல்லோ அண்ணை. அவர் உள்ள போயிட்டார்.”

மாஸ்டர் தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். மன்றத்தில் அங்கத்துவம் குடும்பத்துக்கு ஒன்று. குடும்பத்துக்கு ஒரு பெயர், ஒரு அட்டை. அந்தப் பெயர் எல்லா வீட்டிலும் புருசனுடைய பெயர். அப்படி எழுதச் சொல்லி எந்த விதியும் இல்லை. எழுதுகிறபோது எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள். இவரும் அப்படித்தான் எழுதினார். ஐம்பது மாநிலத்து விதிகளையும் தலைகீழாகச் சொல்லுகிற மனுசன், தன் சட்டைப்பையில் கிடந்த அட்டையில் யாருடைய பெயர் இருக்கிறது என்று ஒருதரமும் நினைத்துப் பார்க்கவில்லை.

சந்திரவதனாவின் பின்னால் இன்னும் பெண்கள். அவர்களுக்கும் பின்னால் சேஷாத்ரியின் மனைவி வேதவல்லியும் அவளுடைய கூட்டமும்.

“என்ன சார் இது, வாசல்லயே நிறுத்தறீங்க? புது விதின்னு எங்களுக்கு யாரும் சொல்லலையே. நாங்க யோகாவுக்குக் கை தூக்கத்தான் வந்தோம். எங்காத்துக்காரர் கிட்ட ஒரு மாசமா சொல்லி, எல்லாரையும் கிளப்பிக் கூட்டிண்டு வந்திருக்கேன்!”

உள்ளேயிருந்து ஜெயரட்ணத்தின் குரல் கணீரென்று வந்தது: “மாஸ்டர், விதி எண்டால் விதிதானே?”

அந்த நேரம் பார்த்து யோகா வந்தாள். பெரிய சொதிப் பானையை ஒரு கைப்பிடியில் தான் பிடித்து, மறு கைப்பிடியில் யாரையோ பிடிக்கவைத்துக்கொண்டு வந்தாள். வாசலில் நின்று புருசனைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“யோகா… நீர்… வேட்பாளர் ஐந்து நிமிசம் வரலாம்” என்றார்.

“தெரியும்” என்றாள். பானையைப் புல்லில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனாள். கோட்டுகளைப் பற்றியும் அறையைப் பற்றியும் பேசினாள். ஐந்து நிமிடம் முடியுமுன்பே முடித்துவிட்டு, யாரும் சொல்லாமல் தானே வெளியே வந்தாள். மாஸ்டர் கதவைச் சாத்தினார்.

உள்ளே இருந்த ஆண்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் யோகாவுக்குக் கை உயர்த்தினார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். மாஸ்டர் எண்ணினார், மறுபடி எண்ணினார். ஜெயரட்ணத்துக்கு ஒரு வாக்கு அதிகம். ஒரே ஒன்று. யோகாவின் வீட்டுக்கு உரிய வாக்கு மாஸ்டரின் சட்டைப்பையில் கிடந்தது. போட்டிருந்தால் சமன் வந்திருக்கும், சீட்டுக் குலுக்கியிருப்பார்கள், என்னவும் நடந்திருக்கும். வாக்குக் கொடுத்துவிட்டாரே, போடமாட்டேன் என்று!

முடிவைச் சொல்ல வாயெடுத்தபோது யன்னலால் வெளியே பார்த்தார். பெண்கள் புல்லில் கூடி நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் கோட்டுப் போட்டிருந்தார்கள். அந்த மண்ணிறக் கோட்டு அவர் சுமந்து வந்தது. அந்தப் பச்சை, அவர் சுமந்து வந்தது. வேதவல்லி போட்டிருந்த கம்பளிக் கழுத்து வைத்த கறுப்பு, மழைக்குள் பஸ்ஸில் நின்றபடி கொண்டுவந்தது. ஒன்றுவிடாமல் எல்லாம் தெரிந்தன. யோகாவின் வாக்கெல்லாம் அங்கே நின்றது. வெளியே நிறுத்தியவர் அவர்தான்.

ஆண்கள் பசியோடு வெளியே வந்தபோது யோகா எல்லாருக்கும் பரிமாறினாள். முதல் இடியப்பம் ஜெயரட்ணத்துக்கு. மாஸ்டருக்கும் போட்டுக்கொடுத்தாள்.

காரில் வீடு திரும்புகிறபோது மெதுவாகக் கேட்டார். “உமக்கு அண்டைக்கே தெரியுமோ? அந்த விதியைச் சொன்ன அண்டைக்கே?”

“ஓம்.”

“பிறகேன் சொல்லேல்லை?”

யோகா யன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்: “உங்களுக்கும் தெரியும் எண்டுதான் நினைச்சன். யோசிச்சுத்தான் செய்தன் எண்டு சொன்னீங்கள். அப்ப, பெண்சாதிக்குச் சாதகமா ஒண்டும் செய்யக் கூடாதெண்டு நினைக்கிறார், சரி எண்டு விட்டிட்டன்.”

மாஸ்டர் காரை ஓரமாக நிறுத்தினார். அவள் தோற்றதைவிட இதுதான் அவரை வெட்டிப்போட்டது. தெரிந்தேதான் புருசன் தன்னை வெளியே நிறுத்தினான் என்று நினைத்துக்கொண்டு ஒரு மாதமாக இவள் சமைத்துப் போட்டிருக்கிறாள், சேர்ட் மினுக்கியிருக்கிறாள். ஸ்ரியரிங்கில் தலையை வைத்து அழுதார். யோகா கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “சரி, சரி. எடுங்கோ. பின்னாலை பஸ் நிக்குது” என்றாள்.

அதன்பின் மாஸ்டர் விதியைத் திருத்த ஓடித்திரிந்தார். வீடு வீடாகப் போனார். மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று பூட்டியவரே அவரல்லவா! பாதிக்கு மேல் சேர்ந்தார்கள். மூன்றில் இரண்டு சேரவில்லை. “நல்ல விதி, மாஸ்டர். நீங்கள்தானே எங்களுக்கு விளங்கப்படுத்தினீங்கள்” என்று ஜெயரட்ணம் சிரித்தார். எழுபத்தேழில் ஊரில் கலவரம் நடந்தது. அதன் பிறகு வந்திறங்கிய பெண்கள் சிலர் போட்ட உடுப்போடு வந்தார்கள். கராஜில் கோட்டு இல்லாமல் யோகா தன் சொந்தக் கோட்டை இரண்டாம் தடவையும் கழற்றிக் கொடுத்தாள். அறை மட்டும் கிடைக்கவில்லை. விருந்து நடந்தது.

எழுபத்தெட்டின் தொடக்கத்தில் மாஸ்டர் செயற்குழுவுக்குப் போய், தன் குடும்பத்தின் அங்கத்துவத்தில் பெயரை மாற்றச் சொன்னார். வரதராஜா வேண்டாம், யோகா என்று போடுங்கள்.

“இதென்ன கூத்து? குடும்பத் தலைவர் நீங்களெல்லோ?” என்றார் ஜெயரட்ணம்.

“குடும்பத்துக்கு ஒரு பேர் எண்டுதான் விதி. ஆரின்ரை பேர் எண்டு இல்லை.”

“மாத்தினால் உங்களுக்கு வாக்கில்லை. அதிகாரியாகவும் இருக்கேலாது. மண்டபத்துக்குள்ளையே வரேலாது!”

“தெரியும்” என்றார் மாஸ்டர். அந்தச் சொல்லை அவர் யாரிடம் கற்றார் என்று உங்களுக்குத் தெரியும்.

கதை பரவியது. சந்திரவதனா அன்றிரவே புருசனை இருத்திவைத்துக் கதைத்தாள். வேறு சில வீடுகளிலும் குசினிப் பக்கம் சத்தம் கேட்டது. எல்லா வீட்டிலும் பெயர் மாறவில்லை. மாறின வீடுகளும் கொஞ்சமில்லை. ஆகக்கடைசியில் ஜெயரட்ணத்தின் மனைவி விமலாவும் மாற்றிக்கொண்டாள். வீட்டில் சமாதானம் வேண்டித்தான் விட்டுக்கொடுத்தேன் என்று அவர் சொல்லித்திரிந்தார்.

அந்த வருடத்து ஜூன் ஞாயிறும் நல்ல குளிர். மறுபடியும் யோகாவும் ஜெயரட்ணமும். வாசலில் சிறி என்ற இளைஞர் அதிகாரியாக நின்றார். மாஸ்டர் சொதிப் பானையோடு வந்தார்.

“அண்ணை, அட்டை…” சிறிக்குக் கேட்கவே வெட்கமாக இருந்தது.

“இல்லை, தம்பி. நான் வெளியாள்” என்று சொல்லிவிட்டு மாஸ்டர் பானையைப் புல்லில் இறக்கி வைத்தார். யோகா அவரைக் கடந்து உள்ளே போனாள். போகிறபோது அவருடைய கழுத்துச் சால்வையை இழுத்துச் சரிப்படுத்திவிட்டுப் போனாள்.

புல்லில் இப்போது ஆண்கள் நின்றார்கள். குளிருக்கு ஆயத்தமாக வந்தவர் ஒருவருமில்லை. மாஸ்டர் காரைத் திறந்து கோட்டுகளை எடுத்து நீட்டினார். பெண்களுடைய கோட்டுத்தான், யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. சேஷாத்ரி இளஞ்சிவப்பில் ஒன்றைப் போட்டுக்கொண்டு, “மாஸ்டர், அன்னிக்கு ஸ்டேஷன்ல நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்” என்றார்.

“கேட்டிருக்கலாம்” என்றார் மாஸ்டர்.

பேச்சை முடித்துக்கொண்டு ஜெயரட்ணம் வெளியே அனுப்பப்பட்டார். அவருக்கும் அட்டை இல்லையே! வந்து மாஸ்டரின் பக்கத்தில் நின்றார். பிறகு காதோடு கேட்டார்: “மாஸ்டர், விமலா எனக்குத்தானே போடுவா?”

“தெரியாது. அதுதான் சிக்கல்.”

“நான் அவளிட்டைக் கேக்கேல்லை” என்றார் ஜெயரட்ணம். பாவம், அவருடைய பல் கிடுகிடுத்தது. மாஸ்டர் அவருக்கும் ஒரு கோட்டைக் கொடுத்தார்.

உள்ளே பேச்சுச் சத்தம் அடங்கியது. கை உயர்த்துகிறார்கள் போல. மாஸ்டர் சாத்தியிருந்த கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். யோகாவுக்கு ஒரு வாக்குப் போடவேண்டும் என்று அவருக்கு அப்படி ஓர் ஆசை. போட வழி இருந்த வருடம் போடவில்லை. இப்போது வழியில்லை. கோட்டுப் பைக்குள் கையை விட்டார், எடுத்தார். பக்கத்தில் நிற்கிறவர்கள் பார்ப்பார்களே என்றுகூட நினைக்காமல், மூடின கதவைப் பார்த்து வலது கையை மெதுவாக உயர்த்தினார். சேஷாத்ரி பார்த்தார். அவரும் உயர்த்தினார். சந்திரவதனாவின் புருசன் உயர்த்தினார். ஒருவரும் எண்ணாத கைகள்.

கதவு திறந்தது. முதலில் வந்தது விமலா. புருசனின் முகத்தைப் பார்க்காமல் நேரே சொதிப் பானைப் பக்கம் போனாள். அவள் பின்னால் யோகா வந்து படியில் நின்றாள். கீழே தன்னுடைய கோட்டுகளைப் போட்டுக்கொண்டு நிற்கிற ஆண்களைப் பார்த்தாள். இன்னும் இறக்காத தன் புருசனின் கையைப் பார்த்தாள்.

“யோகா, என்ன முடிவு?” என்றார் மாஸ்டர்.

“உறுப்பினர் இல்லாத ஆக்களுக்குச் சொல்லேலாது” என்றாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கக் குரலை உயர்த்தினாள்: “தலைவர் சொல்லுறன். கதவைச் சாத்தாதேங்கோ. வெளியிலை நிக்கிற எல்லாரும் உள்ள வாங்கோ, குளிருது.”

பிறகு இறங்கி வந்து மாஸ்டரின் உயர்த்தின கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

“கண்டனான். ஒரு வாக்குக் கூடுதல் எண்டு வைச்சுக்கொள்ளுறன்” என்றாள்.